பொட்டு வைத்த மூக்கு

வெள்ளப்பாறைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவையும் மருந்துக்காம்பராவையும் ஒரே கட்டிடத்தில் வைத்த மகராசன் யாரென்று இப்போது யாருக்கும் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்து ஆளாக இருக்க வேண்டும். கட்டும்போது அது மருந்துக்காம்பரா இல்லை, கொழுந்துச் சாக்கு அடுக்கிவைக்கிற இடம் என்று சொல்கிறவர்களும் உண்டு. எப்படியோ, இன்றைய நிலவரம் இதுதான்: சுவருக்கு இந்தப் பக்கம், தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற கைப்பிள்ளைகள் தொட்டிலில் தூங்கும். அந்தப் பக்கம், புல்லுக்கும் பூச்சிக்கும் அடிக்கிற மருந்துப் பீப்பாய்கள் நிற்கும். நடுவில் ஒற்றைக்கல் சுவர். அதுவும் கூரை வரைக்கும் போகாது. தகரத்துக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி விட்டிருக்கிறார்கள், காற்றோட்டத்துக்காம். காற்று நன்றாகத்தான் ஓடியது, அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு.

பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவள் சிவசக்தி. அவளும் அதே இடத்தில் தொட்டிலில் கிடந்து வளர்ந்தவள்தான். ஓ.எல். பரீட்சை எழுதி, பதுளைக்குப் போய்ப் பயிற்சி எடுத்து, திரும்பி வந்து அதே சுவரில் எழுத்து அட்டையும் பழங்களின் படமும் ஒட்டிவைத்தாள். ஆபீஸ் கடுதாசியில் அவள் பெயருக்குப் பின்னால் நீளமாக ஒரு பதவிப் பெயர் உண்டு. தொழிலாளர் குடியிருக்கிற லயத்து ஆட்களுக்கு அவள் டீச்சர். தோட்டத்தை நடத்துகிற துரைக்கு ஆயம்மா.

காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டு கலைந்ததும் பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான், மருந்தடிக்கிற சின்னராசா அடுத்த கதவைத் திறந்து, பீப்பாயைச் சரித்து, வாளியில் மருந்து கலக்குவான். முதலில் கம்பு வாளியில் இடிபடும் சத்தம் வரும். பின்னாலேயே வாடை வரும். மண்ணெண்ணெயும் அழுகின பூண்டும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை, தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டு எழும்பாது. பிள்ளைகள் கண்ணைக் கசக்கும், குடித்த பாலைக் கக்கும், சில நாள் விடிந்து கொஞ்ச நேரத்திலேயே எல்லாம் சேர்ந்தாற்போல் தூங்கிப்போகும். சுகாதாரப் பகுதியிலிருந்து வந்த ஒரு அம்மா, "இந்தப் புள்ளைங்க எவ்வளவு அமைதி!" என்று மெச்சிவிட்டுப் போனாள்.

அவள் கேட்காமல் இருந்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆபீசில் பெரிய கிளாக்கர் கனகசபையிடம் எத்தனை தடவை நடந்தாள் என்பது அந்த ஆபீஸ் படிக்கட்டுக்குத் தெரியும். கனகசபை யாழ்ப்பாணத்துக்காரர். தகப்பன் காலத்திலேயே பதுளைக்கு வந்துவிட்ட குடும்பம். ஆங்கிலமும் சிங்களமும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. துரைக்குத் தமிழ் தெரியாது, ஆட்களுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே இரண்டு தரப்பும் பேசுவதென்றால் கனகசபை வழியாகத்தான் பேச வேண்டும்.

"ஐயா, அந்த மருந்துக்காம்பராவ வேற எடத்துக்கு மாத்திக் குடுங்க. புள்ளைங்க மூச்சுவிட முடியாம கெடக்குதுங்க."

அவர் ஒரு பின்னேரம் வந்து பார்த்தார். பின்னேரத்தில் மருந்துக்காம்பரா பூட்டிக் கிடக்கும். கைலேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்துவிட்டு ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார்.

"எனக்கு ஒண்டும் மணக்கேல்லையே, சிவசக்தி."

"காலையில வாங்கய்யா."

"காலமையில எனக்கு ஆபீஸ் வேலை. இஞ்ச பாரும், மணக்குது மணக்குது எண்டு சொன்னால் துரை கேப்பாரோ? உம்மட மூக்கைக் கழட்டிக் கொண்டுபோய்க் கொம்பனிக்குக் காட்டேலுமோ? ஆதாரம் வேணும்."

அவர் சொன்னது நியாயம் போலத்தான் இருந்தது. அதுதான் அவருடைய கெட்டித்தனம்.

அடுத்த வருசமே ஆதாரம் தன் காலில் நடந்து வந்தது. வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்கள், தோட்டத்தில் காற்று எப்படி, தண்ணீர் எப்படி, ஆட்கள் எப்படி என்றெல்லாம் விசாரிக்கத் தொடங்கியிருந்த காலம். கொம்பனி ஒரு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்குச் சம்மதித்தது. அனுஷன் என்று ஒரு பையன் வந்தான். பொறியியல் படித்து முடித்து, மேற்கொண்டு ஆராய்ச்சி செய்கிறவன். சாவகச்சேரிப் பக்கம். மலையேறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவனுக்குச் சிவசக்தி பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். அவன் பையிலிருந்து மெல்லிசான ஒரு துண்டை எடுத்துக் காட்டினான். பஸ் டிக்கட் அளவுதான் இருக்கும். பளபளவென்று வெள்ளிக் கோடுகள் வளைந்து வளைந்து ஓட, நடுவில் உளுந்தளவு கறுப்புப் புள்ளி.

"இதுதான் அக்கா சென்சர். காத்தில மருந்தின்ர ஆவி கலந்திருந்தால் இது கண்டுபிடிக்கும்."

"கரண்டு எங்க குடுப்பீங்க? இங்கன ஒரு பிளக்குதான் இருக்கு, அதுல கேத்தல் போடணும்."

"கரண்ட் வேண்டாம். பற்றறியும் இல்லை, வயரும் இல்லை. இது சுவரில சும்மா கிடக்கும். நான் வந்து இந்த மெசினைக் கிட்டப் பிடிச்சால், மெசின் அனுப்புற அலையிலயே சக்தியை எடுத்து, அதுவரைக்கும் தான் மணந்ததைத் திருப்பிச் சொல்லும்."

"நீங்க வரலைன்னா?"

"கேக்காட்டி அது சொல்லாது."

"எங்க ஆளுக மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் சிவசக்தி. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "எங்க மூக்குக்கு மணக்குறது இதுக்கும் மணக்குமா தம்பி?"

"உங்கட மூக்கை விடத் திறமா மணக்கும். உங்கட மூக்குப் பழகிப்போகும், இதுக்குப் பழகாது."

அந்த ஒரு வார்த்தை அவளுக்குப் போதுமாக இருந்தது. நம் மூக்கை நம்பாதவன் இதன் மூக்கை நம்புவான். சட்டையும் டையும் போட்டவர்கள் கொண்டுவந்த மூக்கு இது, கிளாக்கர் கைலேஞ்சியை எடுக்க முடியாது. அனுஷன் மருந்துக்காம்பராவுக்குள் ஒன்று ஒட்டினான், தேயிலை ஸ்டோரில் சில ஒட்டினான், பிள்ளைக்காம்பராவில் அந்த ஒற்றைக்கல் சுவரில், மூலைத் தொட்டிலுக்கு மேலே ஒன்று ஒட்டினான். ஸ்டோரில் உள்ளவர்களிடம் எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று ஆங்கிலத்தில் அச்சடித்த கடுதாசி கொடுத்தான். சிவசக்திக்குக் கடுதாசி கொடுக்கவில்லை. அவள்தான் சிரித்துப் பேசி, பிளேன்டீ தந்து, எல்லாம் விளங்கிக்கொண்ட அக்காவாயிற்றே.

அவன் ஒட்டிவிட்டுக் கையைத் தட்டிய உடனே, "ஒரு நிமிசம் இருங்க தம்பி" என்று உள்ளே போனாள். கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு, குங்குமச் சிமிழோடு வந்தாள்.

தோட்டத்தில் புதிதாக எது வந்தாலும் பொட்டு வைக்காமல் தொடமாட்டார்கள். புது வேனுக்குப் பொட்டு. புதுக் கத்திக்குப் பொட்டு. சின்னராசா முதுகில் சுமக்கிற மருந்து டாங்கிக்கே பொட்டு இருக்கிறது. பிள்ளைகளின் உயிரைக் காக்க வந்த ஒன்றை மொட்டை நெற்றியோடு விட அவளுக்கு மனம் வரவில்லை. மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, நல்ல அழுத்தமாக, நட்டநடுவில் வைத்தாள். பொட்டு என்றால் நடுவில்தானே வைக்க வேண்டும்? அதன் மேல் குங்குமம். கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றாள்.

"வடிவா இருக்கு அக்கா, அப்பிடியே கையை வைச்சிருங்கோ" என்று அனுஷன் கைபேசியில் படம் எடுத்தான்.

அதற்குப் பிறகு அவன் வாரம் தவறாமல் வந்தான். மெசினைச் சுவரோரம் பிடிப்பான், அது ஒரு சின்னச் சத்தம் போடும், எதையோ பதிந்துகொள்வான். "என்ன சொல்லுது?" என்று சிவசக்தி கேட்டால், "எல்லாத்தையும் சேர்த்துத்தான் பாக்கோணும் அக்கா" என்பான். அவளும் விட்டுவிட்டாள். படித்தவன் பார்த்துக்கொள்வான். காலையில் வாடை வரும்போதெல்லாம் சுவரை நிமிர்ந்து பார்ப்பாள். பார்த்துக்கோ, நல்லா மோந்துக்கோ என்று மனதுக்குள் சொல்வாள். முன்னெல்லாம் அந்த வாடை வந்தால் அவளுக்கு ஆத்திரம் வரும். இப்போது, சொல்ல வெட்கம்தான், கொஞ்சம் சந்தோசம்கூட வந்தது. எல்லாம் கணக்கில் ஏறுகிறது என்ற சந்தோசம்.

கிஷாந்துக்கு அது நடந்தது அப்படியொரு காலையில்தான். கிஷாந்த் யோகமதியின் கடைக்குட்டி. இன்னும் பேச்சு வராத பிள்ளை. அவன் தொட்டில் சுவரோரத்து மூலையில். அன்று மருந்துக்காம்பராவில் பழைய பீப்பாய் ஒன்றின் அடி விட்டுப்போய், மருந்து தரையெல்லாம் பரவிக் கிடந்தது. கதவைத் திறந்த சின்னராசாவே வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்து, தண்ணீர் ஓடுகிற கானோரம் குந்தி வாந்தி எடுத்தான். சிவசக்தி இடுப்பில் ஒன்று தோளில் ஒன்றாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய் டர்பன்டைன் மரத்தடியில் கிடத்தினாள். மூலைத் தொட்டிலுக்கு வருவதற்குள் கிஷாந்தின் உதடு நீலம் பாரித்துவிட்டது. நெஞ்சு உள்ளே உள்ளே குழிந்தது. கொழுந்து லொறியில் போட்டுப் பசறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயிருந்து பதுளைக்கு அனுப்பினார்கள்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் போன பிள்ளை திரும்பி வரவில்லை. வாயில் வைத்து அமுக்குகிற பம்ப் ஒன்றோடு, கொஞ்சம் ஓடினாலும் விசில் ஊதுகிற நெஞ்சோடு வேறொரு பிள்ளை வந்தது.

லயத்தில் ஆண்கள் கொதித்துப்போனார்கள். நாளைக்கே வேலையை நிறுத்துவோம், பூட்டை உடைத்து அந்தப் பீப்பாய்களை ரோட்டில் உருட்டுவோம், போலீசுக்குப் போவோம் என்றார்கள். யோகமதியின் புருசன் பூட்டை நெம்ப அலவாங்கோடு நின்றான். தடுத்தது சிவசக்திதான்.

"அவசரப்படாதீங்க. நாம ஒடைச்சா, தோட்டத்தான் கலாட்டா பண்றான்னு எழுதிப்புட்டு, மருந்துக் கதைய மறந்துருவாங்க. அன்னைக்குச் சொவத்துல அது இருந்துச்சா இல்லையா? அது மோந்துக்கிட்டுத்தானே இருந்துச்சு? அடுத்த மாசம் ஆராய்ச்சி முடிவு சொல்லக் கூட்டம் வைக்குறாங்க. அது சொல்லட்டும். நாம சொன்னா மறுப்பானுங்க. அது சொன்னா மறுக்க ஏலாது."

"நெசமாவா அக்கா?" என்று யோகமதி கேட்டாள். பிள்ளை அவள் தோளில் விசில் ஊதிக்கொண்டு கிடந்தது.

"என் மேல சத்தியம்" என்றாள் சிவசக்தி. எதன் மேல் சத்தியம் செய்கிறோம் என்று அவளுக்கு அப்போது தெரியாது. அவள் பேச்சுக்கு லயத்தில் மதிப்பு உண்டு. அலவாங்கு மூலைக்குப் போனது.

கூட்டம் தோட்டத்துப் பாடசாலை மண்டபத்தில் நடந்தது. மீன் பணிஸும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். மேடைக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு ஒரு படம் தொங்கியது: சந்தனக் கிண்ணம், கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை, சுவரில் பொட்டோடு அந்தத் துண்டு. மேலே பெரிய எழுத்தில், மக்கள் ஏற்றுக்கொண்ட தொழில்நுட்பம்.

"அட, டீச்சர் கை!" என்று பெண்கள் கிசுகிசுத்தார்கள். சிவசக்திக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

பேராசிரியர் ஒருவர் ஆங்கிலத்தில் நிறையப் பேசினார். கனகசபை அதைத் தமிழில் சுருக்கினார். மருந்துக்காம்பராவுக்குள் இருந்த சென்சரில் ஆவி நிறையக் காட்டியிருக்கிறது, ஆகவே அங்கே வேலை செய்கிறவர்களுக்கு முகமூடி தரப்படும். ஸ்டோரில் கொஞ்சம், பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளைக்காம்பராவில் ஒன்றுமே இல்லை. தொடக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் சுத்தமான காற்று.

"ஆகவே, மருந்துக்காம்பராவை மாத்த வேண்டிய தேவை இல்லையெண்டு துரை முடிவெடுத்திருக்கிறார்" என்று முடித்தார்.

சிவசக்தி எழும்பினாள்.

"அப்ப கிஷாந்துக்கு நடந்தது என்னாங்கய்யா?"

கனகசபை துரை பக்கம் திரும்பவுமில்லை, மொழிபெயர்க்கவுமில்லை. "அது லயத்து விறகுப் புகை. அடுப்படியில பிள்ளையை வைச்சுக்கொண்டு சமைச்சால் நெஞ்சு அடைக்கும்தானே. இரும், சிவசக்தி. உம்மட படத்தைத்தான் மேல போட்டிருக்கு, நீரே இப்பிடிக் கேக்கலாமோ?"

முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். பின்வரிசையில் யோகமதி சிரிக்கவில்லை, அழவுமில்லை. பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, சாப்பிடாத பணிஸை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனாள். மறுநாள் காலையில் வழக்கம்போல் வந்து பிள்ளையை மூலைத் தொட்டிலில் கிடத்தினாள். "வேற எங்கக்கா விடுறது" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பதிலாகச் செருப்பால் அடித்திருக்கலாம் என்று சிவசக்திக்குப் பட்டது.

சென்சர்களைக் கழற்றிக்கொண்டு போக அனுஷன் கடைசியாக ஒரு தடவை வந்தான். காலை நேரம், அந்தப் பக்கம் வாளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சிவசக்தி அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றவில்லை. அவன் சுவரோரம் போனான். காய்ந்த சந்தனம் வெடித்துச் செதிலாக நின்றது. நகத்தால் மெல்லச் சுரண்டினான். சுரண்டியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா" என்றான். "நடுவில இருக்கிற கறுப்புப் புள்ளி... அதுதான் இதின்ர மூக்கு. மற்றதெல்லாம் வெறும் கம்பிதான். ஆவி அந்தப் புள்ளியிலதான் படோணும். சந்தனம் காய்ஞ்சு அதை மூடிப்போட்டுது."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அன்னைக்கு, பீப்பா ஒடைஞ்சப்ப?"

"இதுக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்காது."

"நான் பொட்டு வைக்குறப்ப நீங்க பக்கத்துலதானே தம்பி நின்னீங்க. படம் எடுத்தீங்களே."

அவன் தலை குனிந்தது. "அப்பவே மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. நீங்கள் ஆசையா வைச்சீங்கள், வேண்டாமெண்டு சொல்ல ஏலாமல் போச்சு. அடுத்த கிழமை துடைப்பம் எண்டு நினைச்சன். அடுத்த கிழமை பாத்தால் நம்பர் எல்லாம் ஆடாமல் அசையாமல் ஒழுங்கா வந்துது. ஒழுங்கா வந்த நம்பரை ஆர் அக்கா சந்தேகப்படுவினம்?"

அவள் சேலைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்தாள். அந்தப் பொட்டைத் துடைத்தாள். தான் வைத்த பொட்டைத் தானே அழிக்கிற அபசகுனம் அவள் வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை. ஈரம் உலரட்டும் என்று இருவரும் நின்றார்கள். அந்தப் பக்கம் சின்னராசா கலக்கிக்கொண்டிருந்தான், வாடை தகரத்துக்குக் கீழே வழிந்து வந்துகொண்டிருந்தது. அனுஷன் மெசினைப் பிடித்தான். அது சத்தம் போட்டது. அவன் திரையைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"என்ன சொல்லுது?"

"நீங்கள் சொன்னதைத்தான் சொல்லுது."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப இத எழுதுங்க தம்பி. இத அந்தப் பெரியவருக்குச் சொல்லுங்க."

அவன் சொன்னான். அதில் அவனைக் குறை சொல்ல முடியாது. சில நாள் கழித்துப் போனில் அழைத்து, பேராசிரியர் சொன்னதை அப்படியே ஒப்புவித்தான். ஒரே ஒரு தடவை எடுத்த அளவு கணக்கில் சேராதாம். ஆராய்ச்சி முடிந்துவிட்டதாம், அறிக்கை போய்விட்டதாம். அடுத்த கட்டுரையில் ஒரு சென்சர் பழுதாக இருந்திருக்கலாம் என்று ஒரு வரி போடலாமாம். மெசினைத் திருப்பி ஒப்படைத்தாயிற்றாம். "மன்னிச்சுக் கொள்ளுங்கோ அக்கா" என்றான். அவள் கேட்டுக்கொண்டதால் அந்த ஒரு துண்டை மட்டும் சுவரிலேயே விட்டுப்போயிருந்தான். கேட்கிற மெசின் இல்லாமல் அது எதற்கு என்று அவனுக்கு விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கியது என்று சொல்ல முடியாது.

அவள் கனகசபையிடம் போய் நடந்ததைச் சொன்னாள். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப பிழை விட்டது நீர்தானே?" என்றார். "ஆராய்ச்சிச் சாமானைப் பழுதாக்கினதுக்கு உம்மில நடவடிக்கை எடுக்கேலும். நான் பாவம் எண்டு விடுறன். இனி இந்தக் கதையை வெளியில கதைச்சுத் திரியாதையும்."

லயத்தில் அவளே யோகமதியிடம் சொன்னாள். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. யோகமதி பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டாள். கடைசியில், "நாங்க அன்னைக்கே பூட்ட ஒடைச்சிருக்கணுங்க்கா" என்றாள். திட்டியிருந்தால்கூடச் சிவசக்தி தாங்கியிருப்பாள்.

இரண்டு மாதம் போனது. தேயிலை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் தோட்டம் பார்க்க வருகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. மருந்துக்காம்பராக் கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். கொஞ்ச நாளைக்கு மருந்து கலக்க வேண்டாம் என்று சின்னராசாவைத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற மலைக்கு அனுப்பினார்கள். கனகசபை ஒரு கண்ணாடிச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதே படம், அதே கை. "அந்தச் சுவரில மாட்டும்" என்றார். ஆணி இருந்தது அந்தத் துண்டுக்கு மேலேதான். சட்டத்தை மாட்டியதும் துண்டு அதற்குப் பின்னால் மறைந்துபோனது. சிவசக்தி அவர் போன பிறகு ஆணியைப் பிடுங்கி, ஒரு சாண் தள்ளி அடித்தாள்.

வந்தவர்களில் ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தாள். வயதானவள், முகத்தில் ஒரு கனிவு. தொட்டில் தொட்டிலாகக் குனிந்து பார்த்தாள். கிஷாந்தின் கன்னத்தைத் தொட்டாள். படத்தையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, அது உன் கையா என்று சைகையில் கேட்டாள். பிறகு துரையை விட்டுவிட்டு, கனகசபையை விட்டுவிட்டு, நேரே சிவசக்தியின் கண்ணைப் பார்த்து ஏதோ கேட்டாள். இங்கே காற்று எப்படி, பிள்ளைகளுக்கு நல்லதா என்கிறாள். அந்த அளவு ஆங்கிலம் சிவசக்திக்கு விளங்கும். பேசத்தான் வராது.

இத்தனை காலத்தில் முதல் தடவையாக ஒருவர் அவளிடம் கேட்கிறார். எல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

"நல்லா இல்லைங்கம்மா. காலையில மருந்து கலக்குறப்ப இங்கன நிக்க ஏலாது. அந்தா அந்தப் புள்ள செத்துப் பொழைச்சது. அந்த மெசினு பொய் சொல்லலை, நான்தான் தெரியாம அது மூக்க அடைச்சுப்புட்டேன். நீங்க போன பொறவு மறுபடியும் கலக்குவாங்க. தயவு செஞ்சு அந்தக் காம்பராவ மாத்தச் சொல்லுங்க."

அம்மா கனகசபை பக்கம் திரும்பினாள். கனகசபை புன்னகை செய்தார். ஆங்கிலத்தில் அவர் சொன்னது கொஞ்சம்தான். முன்னே பயமாக இருந்ததாம், இந்தச் சென்சர் வந்த பிறகு நிம்மதியாக இருக்கிறாளாம், உங்களுக்கு நன்றி சொல்கிறாளாம்.

"நோ, மேடம்" என்றாள் சிவசக்தி. "நோ. நோ." தலையை வேகமாக ஆட்டினாள். அதற்குமேல் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. படித்ததெல்லாம் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது.

கூச்சப்படுகிறாள் என்றார் கனகசபை. எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள். அந்த அம்மா சிவசக்தியின் கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, படத்தில் இருந்த அதே கையைத்தான், ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டுப் போனாள். வாகனங்கள் இறக்கத்தில் இறங்கிப் போயின.

கனகசபை கொஞ்சம் பின்தங்கி நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"என்னில கோபிக்காதையும், சிவசக்தி. அடுத்த வருசம் நான் ஓய்வு. குவாட்டர்ஸ், பிள்ளையின்ர படிப்பு எல்லாம் துரையின்ர கையில. நான் என்ன செய்யிறது?"

"ஒண்ணும் செய்ய வேணாங்கய்யா" என்றாள் அவள். "அதோட மூக்குல பொட்டு வச்சது நான். தெரியாம வச்சேன். இன்னைக்கு என் வாயில வச்சது நீங்க. தெரிஞ்சே வச்சீங்க."

அவர் கைலேஞ்சியை எடுத்தார். எடுத்தவர் முகத்தைத் துடைக்காமல் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் காலையில் சின்னராசா மலையிலிருந்து திரும்பிவிட்டான். கழுத்தில் புது முகமூடி தொங்கியது. பச்சைக் கதவைத் திறந்து பீப்பாயைச் சரித்தான். கம்பு வாளியில் இடிபட்டது. வெளியே நல்ல மழை, மரத்தடிக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோக வழியில்லை. யோகமதி மழைக்குத் தலையில் போட்டிருந்த கொங்காணியை உதறிவிட்டு, கிஷாந்தைக் கிடத்தி, பம்பைச் சிவசக்தியின் கையில் கொடுத்துவிட்டு மலைக்குப் போனாள். வாடை வந்தது. சுவரில் அந்தத் துண்டு இருந்தது, நெற்றியில் பொட்டில்லாமல், நடுப்புள்ளி நன்றாகத் தெரிய. அது இப்போது எல்லாவற்றையும் மோந்துகொண்டிருக்கும். சன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் மருந்து. சிவசக்தி எல்லாச் சன்னலையும் அகலத் திறந்துவிட்டு, மூலைத் தொட்டிலில் இருந்த பிள்ளையைத் தூக்கித் தன் சேலைக்குள் சுற்றிக்கொண்டு, சாரல் அடிக்கிற வாசற்படியில் போய் உட்கார்ந்தாள்.